பெட்டியில் போட்ட எண்ணை நம்பி வாங்காதீர்கள்

கடன் வாங்கி வெல்டிங் பட்டறை வைக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சின்ன பிளாஸ்மா கட்டருக்குப் பெரும்பாலும் இரண்டு கனம் சொல்வார்கள்: சுத்தமாக வெட்டுவது ஒன்று, எப்படியோ துண்டாக்குவது இன்னொன்று. முதல் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள்.

40 ஆம்ப் மெஷின் 10 மி.மீ. இரும்புத் தகட்டை ஒழுங்காக வெட்டும். 20 மி.மீ. என்றால் திணறும், பிசிறைத் தேய்க்கவே நேரம் போய்விடும். நடுவில் துளைத்தால் உருகிய இரும்பு மேலே தெறித்து நாசில் கெடும். ஓரத்திலிருந்தே தொடங்குங்கள். பொறி அடியில் இறங்காமல் மேலே வந்தால் கையின் வேகத்தைக் குறையுங்கள்.

தினமும் கனத்த தகடுதான் வேலை என்றால், சாதா இரும்புக்குக் கேஸ் கட்டிங்கே மேல். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைத் திட்டலாமா?