சரிவைப் பார்க்காமல் உறுதி எழுதக் கூடாது

2025 நவம்பர் இறுதியில் வீசிய 'டித்வா' புயலில் நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவு குடும்பங்களை வீட்டோடு விழுங்கியது. தப்பியவர்களில் பலர் இனி வேறிடத்தில் காணியோ வீடோ தேடியாக வேண்டும். வீட்டை முழுதாக இழந்தவர்களுக்குப் புதிதாகக் கட்ட 50 இலட்சம் ரூபாயும், அரச காணி கிடைக்காவிட்டால் காணி வாங்க 50 இலட்சம் ரூபாய் வரையும் தருவதாக அரசு அறிவித்தது. மலையகத்தில் இவ்வளவு பெரிய தொகை சாதாரணக் குடும்பங்களின் கை வழியே காணிக்கும் வீட்டுக்கும் போவது புதிது. வாங்கும் வீடு அடுத்த மழைக்கு நிற்குமா என்பதை வாங்குபவருக்கு யார் பார்த்துச் சொல்வது?

இராகலை பஜாரிலோ கந்தப்பளையிலோ வீடு கைமாறும் விதத்தைப் பாருங்கள். புரோக்கர் வீட்டைக் காட்டுகிறார். நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி, ஈடு இருக்கிறதா என்று பார்க்கிறார். நில அளவையாளர் எத்தனை பேர்ச்சஸ் என்று அளந்து எல்லை போடுகிறார். வங்கிக் கடன் எடுத்தால் மதிப்பீட்டாளரும் வருவார். அவர் பார்ப்பது வங்கியின் பணத்துக்கு அந்த வீடு ஈடாகுமா என்பதை. நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது என்று 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. உரிமையைக் காக்க இவ்வளவு பேர் இருக்கிறார்கள். அத்திவாரத்தையும் சுவரையும் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டையும் பார்க்க மட்டும் ஆளில்லை.

அதைப் பார்க்கத் தெரிந்த நிறுவனம் நாட்டில் இல்லாமல் இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இலேயே மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களைத்தான். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் புதிதாக வீடு கட்ட அனுமதி கேட்டால், அந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். ஆனால் அதே சரிவில் ஏற்கெனவே நிற்கும் வீட்டை விற்க எந்த அறிக்கையும் வேண்டாம். கட்டுகிறவரைத் தடுத்து நிறுத்தும் ஆபத்து, வாங்குகிறவருக்குத் தெரியாமலே போகிறது. சட்டத்தில் உள்ள இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

பிரதேச சபையின் இணக்கச் சான்றிதழ் போதாதா என்று கேட்கலாம். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த அந்தச் சான்றிதழ், கட்டி முடித்த நாளில் வீடு வரைபடப்படி இருந்ததா என்பதைத்தான் சொல்லும். பிறகு எழுப்பிய மேல்மாடி, பின்பக்கம் நெட்டுக்குத்தாக வெட்டிய மண், மூடிப்போன கான், மேலே மரக்கறித் தோட்டத்துக்காகத் திருப்பிவிட்ட தண்ணீர் எதுவும் அதில் இராது.

மண்சரிவு சும்மா வந்துவிடுவதில்லை. பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. சுவரிலும் தரையிலும் வெடிப்பு ஓடும். கதவு, யன்னல் இறுகிக்கொள்ளும். மரமும் வேலியும் ஒரு பக்கம் சாயும். இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பும், தெளிந்த ஊற்று கலங்கும். விற்க நினைப்பவர் வெடிப்புக்குச் சீமெந்து பூசி, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் பாதி அடையாளம் மறைந்துவிடும். மறைத்த குறைக்கு விற்றவர் பொறுப்பு என்பது நாம் பின்பற்றும் ரோம-டச்சுச் சட்டத்திலும் உண்டு. ஆனால் சேமிப்பு முழுவதையும் வீட்டில் போட்டுவிட்டவர் வழக்குச் செலவுக்கு எங்கே போவார்? வழக்கில் வென்றாலும் மண்ணுக்குள் போன உயிர் திரும்புமா? இந்தக் குறையை உறுதி எழுதுவதற்கு முன்பே கண்டுபிடித்தாக வேண்டும்.

பரிசோதனை நடந்தால் மட்டும் போதாது என்பதற்கு மீரியபெத்தை சாட்சி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைக்கு அருகே லயங்கள் மண்ணில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்குப் பின்னும் மக்கள் அங்கேயே இருந்தார்கள். மாற்று இடம் கொடுத்துக் கூட்டிப்போக வேண்டிய கடமை யாருடைய தலையிலும் சட்டமாக ஏறவில்லை. அலுமாரியில் கிடக்கும் அறிக்கை யாரையும் காப்பாற்றாது. அது உறுதியோடு பிணைக்கப்பட வேண்டும். 'இது இல்லாமல் கையெழுத்து வைக்க மாட்டேன்' என்று நொத்தாரிசு சொல்லும்படி சட்டம் இருக்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் 1 முதல் வீட்டை விற்பனைக்கு விடுமுன் அதன் நிலை குறித்த அறிக்கையை விற்பவரே தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நம் மலைகளில் தேயிலையைப் பரப்பி, இராகலைப் பக்கத்து லிடஸ்டேல் உட்படப் பல தோட்டங்களுக்குத் தம் ஊர்ப் பெயரை வைத்துப் போனவர்களின் நாடு அது. மண்சரிவு அச்சம் நம்மளவுக்கு இல்லாத அந்த நாட்டுக்கே இது தேவைப்படுகிறது என்றால், 2007 ஜனவரியில் வலப்பனை கண்ட மண்சரிவை மறக்காத நமக்கு எவ்வளவு தேவை!

மறுப்புகள் எழும். செலவு கூடும், விற்பனை தாமதமாகும், 'ஆபத்து' என்று எழுதிவிட்டால் அந்த வீடு விலைபோகாது என்பார்கள். செலவும் தாமதமும் உண்மையான சிக்கல்கள். அதனால்தான் நிவாரணப் பணத்தில் வாங்குவோருக்கு இந்தப் பரிசோதனை இலவசமாக வேண்டும், அதற்குக் காலக்கெடு வேண்டும், அதிகாரிகள் கூடுதலாக வேண்டும் என்கிறோம். விலைபோகாது என்பதை மட்டும் ஏற்க முடியாது. ஆபத்தான வீட்டை இன்னொரு ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டித் தப்புவது வியாபாரமாகாது. அந்த உரிமையாளருக்கும் மாற்றுக் காணியில் பங்கு கொடுத்து அரசுதான் கைதூக்கிவிட வேண்டும்.

தோட்டத்து மக்களின் நிலை வேறு. லயக் காம்பராவில் இருப்பவர் அதை வாங்கியவரும் அல்ல, விற்கக்கூடியவரும் அல்ல. அதனால் அந்தக் கூரையையும் சுவரையும் பார்க்கும் பொறுப்பு, 1992 முதல் தோட்டங்களை நடத்தும் கம்பனிகளுக்கும் காணிக்குச் சொந்தமான அரசுக்கும் உரியது. தோட்டங்களில் எழும் புதிய தனி வீடுகள், இந்திய உதவி வீடுகள் உட்பட, வரவேற்கத்தக்கவை. ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழி வீட்டுக்குப் பொருந்தாது. திறப்பு விழாவுக்கு முன் குடியேறப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் பொறியியலாளர் பார்க்க வேண்டும். குறைகளை எழுதி, அவை தீரும்வரை ஒப்பந்தக்காரரின் கடைசிக் கொடுப்பனவை நிறுத்திவைக்க வேண்டும்.

நாம் கேட்பவை நான்கு. மண்சரிவு மாவட்டங்களில் எந்த வீட்டு விற்பனை உறுதியோடும் சரிவு அறிக்கையும் வீட்டின் நிலை அறிக்கையும் இணைக்கப்பட வேண்டும். முன்பு வந்த வெளியேற்ற அறிவித்தல், தெரிந்த வெடிப்பு எல்லாவற்றையும் விற்பவர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அறிக்கைகள் தமிழிலும் வேண்டும். வாசிக்க முடியாத எச்சரிக்கையால் பயனில்லை. இடவாரியான அபாய விவரம் பிரதேச சபையில் யாரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

நிவாரணப் பணம் முழுதும் செலவான பிறகு வரும் சட்டம் யாருக்கும் உதவாது. முதல் கட்டமாக, அரச உதவியில் வாங்கும் காணிக்கும் வீட்டுக்கும் இந்த விதியைச் சுற்றறிக்கை மூலம் அரசு உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். முழுச் சட்டத்தைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவருவது மலையகப் பிரதிநிதிகளின் கடமை.