சோலை இல்லாத படிப்பு, படிப்பு இல்லாத சோலை

இங்கிலாந்திலிருந்து நடத்தப்படும் ஓர் அஞ்சல் வழிப் படிப்பு இருக்கிறது. முடித்தால் பட்டம் கிடையாது, வேலையும் கிடைக்காது. ஆனாலும் பணம் கட்டிப் படிக்கிறார்கள். முதல் நிலைக்குப் பாணர் என்று பெயர் வைக்கலாம்: கதை, பாட்டு, கவிதை. இரண்டாம் நிலை ஓவேட்: மரம், செடி, மருத்துவம், குறி பார்த்தல். மூன்றாம் நிலை ட்ரூயிட்: தத்துவம், சடங்கு, பிறருக்கு வழிகாட்டுதல். பாடங்கள் தவணை தவணையாக வரும். சந்தேகம் கேட்க ஒரு வழிகாட்டி உண்டு. மூன்றையும் முடிக்கச் சில வருடங்கள் ஆகும். தபாலோடு இன்டர்நெட்டும் சேர்ந்துகொண்ட பிறகு, பல நாடுகளில், பல மொழிகளில் மாணவர்கள்.

இவர்கள் ஆரம்பத்திலேயே பழகும் தியானம் ஒன்று. கண்ணை மூடி மனதுக்குள் ஒரு சோலையை எழுப்ப வேண்டும். மரங்களை வட்டமாக நிறுத்தி நடுவில் அமர வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் மட்டுமே தெரிகிற ஒருவருக்கு இதுதான் கோயில்.

இதற்கும் கொச்சி மட்டாஞ்சேரிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஆனால் பலர் தேடுகிற இடத்தில் இல்லை.

பலர் தேடுவது பெயரில். திராவிடர், ட்ரூயிட் என்று அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டுகிறவர்கள் நம்மிடையே உண்டு. காதுக்கு இனிக்கிறது, மொழியியலில் நிற்காது. ட்ரூயிட் என்பதன் பின்பாதி, சமஸ்கிருதத்தில் 'வேதம்' பிறந்த 'வித்' என்ற வேருக்கு உறவு. அறிதல் என்று பொருள். முன்பாதி ஓக் மரத்தைக் குறிக்கலாம், உறுதியையும் குறிக்கலாம். மரம் அறிந்தவன் அல்லது ஆழ அறிந்தவன். கெல்டிக் மொழிகளும் சமஸ்கிருதமும் ஒரே இந்தோ-ஐரோப்பியக் குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது. திராவிடம் அந்தக் குடும்பமே அல்ல.

வெள்ளைக்காரர்களும் இந்த விளையாட்டில் சளைத்தவர்கள் இல்லை. கல்கத்தாவில் இருந்த கணித அறிஞர் ரூபன் பர்ரோ, 1790இல், ட்ரூயிடுகள் பிராமணர்களே என்றும் ஸ்டோன்ஹென்ஜ் புத்தர் கோயில் என்றும் எழுதினார். 1829இல் காட்ஃப்ரே ஹிக்கின்ஸ் ட்ரூயிடுகள் கிழக்கிலிருந்து போன பூசாரிகள் என்று ஒரு தடித்த புத்தகமே போட்டார். தக்காணத்தில் கல்பதுக்கைகளைத் தோண்டிய மெடோஸ் டெய்லர், அவற்றை ட்ரூயிடுகளின் சின்னங்களோடு சேர்த்துப் பேசினார். நம் ஊர்ப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களுக்கும் ட்ரூயிடுகளுக்கும் தொடர்பில்லை. ஸ்டோன்ஹென்ஜுக்கே தொடர்பில்லை. ட்ரூயிடுகளைப் பற்றிய முதல் குறிப்புகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவை அந்தக் கற்கள்.

அசல் ட்ரூயிடுகளைப் பற்றித் தெரிந்தது மிகக் கொஞ்சம். அதையும் சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய எதிரிகள். கி.மு. முதல் நூற்றாண்டில் கால் நாட்டோடு போரிட்ட ஜூலியஸ் சீசர், ட்ரூயிட் ஆகச் சிலர் இருபது ஆண்டுகள் வரை படிப்பதாகவும், பாடம் முழுக்கச் செய்யுளாக மனப்பாடம் செய்யப்படுவதாகவும், அதை எழுத்தில் வைப்பது தகாது என்று அவர்கள் கருதியதாகவும் எழுதினார். நரபலி பற்றியும் எழுதினார். பிளினி, வெள்ளை உடை அணிந்த பூசாரி ஓக் மரத்தில் ஏறிப் பொன் அரிவாளால் புல்லுருவி அறுப்பதை வர்ணித்தார். கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை வேல்ஸுக்கு அருகிலுள்ள ஆங்கிள்சி தீவில் இறங்கியது. ட்ரூயிடுகளின் புனிதச் சோலைகளை வெட்டிச் சாய்த்தது என்கிறார் டாசிட்டஸ்.

சோலையும் போயிற்று, மனப்பாடம் செய்தவர்களும் போனார்கள். எழுதி வைக்காத இருபது வருடப் பாடத்தில் ஒரு வரிகூட இன்று இல்லை.

பின் இப்போதைய பாடம் எங்கிருந்து வந்தது? ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், 18ஆம் நூற்றாண்டிலிருந்து. வில்லியம் ஸ்டக்லி என்ற பாதிரியார் 1740இல் ஸ்டோன்ஹென்ஜை ட்ரூயிட் கோயில் என்று எழுதினார். 1781இல் லண்டனில் ஒரு ட்ரூயிட் சங்கம் கிளம்பியது. 1792இல் எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ் கொத்தனார், லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்துப் பாணர் சபை கூட்டினார். இயோலோ மொர்கானுக் என்பது அவர் புனைபெயர். தொன்மையான சடங்கு என்று அவர் காட்டியதில் பெரும்பகுதி அவரே எழுதியது. அவருடைய கைவண்ணம் முழுதாக அம்பலமாக 20ஆம் நூற்றாண்டு வரை ஆயிற்று. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் அந்தச் சடங்கு இன்றும் நடக்கிறது. வேல்ஸ் மொழிக் கவிஞனுக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை அந்த மேடையில்தான்.

அமெரிக்காவில் ஆரம்பம் இன்னும் வேடிக்கை. மின்னசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியில் மாணவர்கள் கட்டாயமாக வழிபாட்டுக்குப் போக வேண்டும் என்று விதி. அதைக் கேலி செய்ய 1963இல் சில மாணவர்கள் 'சீர்திருத்த ட்ரூயிட்' மதம் ஒன்றைத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே விதி நீக்கப்பட்டது. மதத்தைக் கலைத்துவிட வேண்டியதுதானே? சிலருக்கு மனம் வரவில்லை. மரத்தடியில் உட்கார்ந்ததில் ஏதோ கிடைத்துவிட்டது.

1964இல் ரோஸ் நிக்கல்ஸ் என்ற கவிஞர் இங்கிலாந்தில் 'பாணர், ஓவேட், ட்ரூயிட் சங்கம்' அமைத்தார். அவர் மறைவுக்குப் பின் முடங்கிய அதை 1988இல் பிலிப் கார்-காம் எடுத்து நடத்தி, அஞ்சல் வழிப் படிப்பாக வளர்த்தார். 2010இல் 'ட்ரூயிட் நெட்வொர்க்' என்ற வேறோர் அமைப்பை மத அறநிலையமாக இங்கிலாந்து அரசின் ஆணையம் பதிவு செய்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலுமாக நாலாயிரத்துச் சொச்சம் பேர் தங்களை ட்ரூயிட் என்று எழுதிக்கொண்டார்கள்.

சிறிய கூட்டம்தான். ஆனால் இவர்களிடம் ஒரு நாணயம் இருக்கிறது. தங்கள் நெறி தொல்பழங்காலத்திலிருந்து அறுபடாமல் வந்தது என்று இன்றைய ஆசிரியர்களில் விவரம் தெரிந்தவர்கள் சொல்வதில்லை. அறுந்துவிட்டது; கிடைத்த துணுக்குகளை வைத்துப் புதிதாகப் பின்னுகிறோம் என்கிறார்கள். இன்ன கடவுளை நம்பு என்ற கட்டாயமும் இல்லை. வருடத்துக்கு எட்டு விழா: இரு அயனங்கள், பகலும் இரவும் சமமாகும் இரு நாட்கள், இடைப்பட்ட நான்கு பருவ நாட்கள். மாணவர் தம் ஊரில் எந்த மரம் எப்போது துளிர்க்கிறது, எந்தப் பறவை எப்போது வருகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதி, குலம், பிறந்த நாடு யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் கொச்சி வருகிறது.

1670களில் கொச்சி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. மலபார்ப் பகுதிக்குத் தலைவராக இருந்த ஹெண்ட்ரிக் வான் ரீட் இந்த மண்ணின் தாவரங்களை எல்லாம் பதிவு செய்ய முனைந்தார். சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்க்க ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துகளில் பல இங்கேயே விளைபவை என்பது அவர் கண்ட உண்மை. அவருக்கு வாய்த்த ஓவேட்டுகள் நால்வர். சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவர் குல வைத்தியர் இட்டி அச்சுதன். ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி பிராமணர் மூவர். 16ஆம் நூற்றாண்டில் கோவாவில் போர்த்துக்கீசியர் கெடுபிடி தாங்காமல் வந்த அந்தச் சமூகத்துக்குக் கொச்சியில் நிலைக்களன் மட்டாஞ்சேரியின் செறளாயிப் பகுதி. திருமலைக் கோயிலைச் சுற்றி இன்றும் கொங்கணி பேசப்படுகிறது.

அச்சுதன் தம் குடும்பச் சுவடியில் உள்ளதையும் தாம் கண்டறிந்ததையும் வாய்மொழியாகச் சொன்னார். கொங்கணிப் பண்டிதர்கள் நிகண்டைப் புரட்டினார்கள். பூவும் காயும் உள்ள பருவத்தில் செடிகளைக் காட்டிலிருந்து கொண்டுவரச் செய்து, சுமார் இரண்டு வருடம் உழைத்தார்கள். மலையாளத்தில் சொன்னதை இம்மானுவேல் கார்னேரோ என்ற மொழிபெயர்ப்பாளர் போர்த்துக்கீசியத்தில் ஆக்க, அதிலிருந்து லத்தீனுக்குப் போயிற்று. 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. 742 தாவரங்கள், எழுநூறுக்கு மேல் படங்கள். முதல் தொகுதியில், 1675இல் அச்சுதன் தந்த சான்றிதழ் கோலெழுத்திலும் கொங்கணிப் பண்டிதர்களின் சான்றிதழ் நாகரி எழுத்திலும் அப்படியே அச்சாகியிருக்கின்றன. ஈழவ வைத்தியரின் பெயரும் பிராமணப் பண்டிதர்களின் பெயரும் ஒரே புத்தகத்தில், ஒரே தகுதியில். அந்தக் காலத்துக் கேரளத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

பிறகு நடந்ததுதான் கதை. லின்னேயஸ் இந்த நூலிலிருந்து பல தாவரங்களை எடுத்துக்கொண்டார். உலகத் தாவரவியலுக்குப் பயன்பட்டது. கேரளத்தில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை, அது லத்தீன். கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் தம் வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டு, செடிகளைத் திரும்பத் தேடிப் பிடித்து, நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008இல். மலையாளத்தில் சொல்லப்பட்ட வைத்தியம் மலையாளத்துக்கு வர 330 வருடம்! மணிலால் 2025 ஜனவரி முதல் தேதி காலமானார்.

ட்ரூயிடுகள் எழுதவில்லை, ஒன்றும் மிஞ்சவில்லை. கொச்சி வைத்தியர்கள் சொன்னார்கள். அந்நிய மொழியிலாவது மிஞ்சியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கேட்க வந்தவனுக்குக் கதவு திறந்ததுதான்.

நம் ஊரில் சோலைகளுக்கு என்ன குறை என்று கேட்கலாம். மலையாளத்துக் 'காவு' நம் பழந்தமிழ்க் 'கா'தான். திருவானைக்கா என்னும்போது நாவில் வருவது அதுவே. எர்ணாகுளம் மாவட்டம் பெரும்பாவூர் அருகே இரிங்கோள் காவு ஏறக்குறைய 50 ஏக்கரில் காடாகவே நிற்கிறது. மரமே தெய்வம் என்பதால் கோடரி படுவதில்லை. தறவாட்டு வீடுகளின் தென்மேற்கு மூலையில் சர்ப்பக் காவு. நாகங்களுக்கு நூறும் பாலும் படைத்து, புள்ளுவர்கள் குடம் மீட்டிப் பாடுவார்கள். வெளிநாட்டு ட்ரூயிட் மாணவர் கண்ணை மூடிக் கட்டுகிற சோலை இங்கே கண்ணைத் திறந்தால் நிற்கிறது.

நின்றது என்று சொல்வதே பல இடங்களில் பொருத்தம். கூட்டுக் குடும்பம் உடைந்தது. 1975ஆம் வருடச் சட்டம் அதை முறைப்படி முடித்துவைத்தது. தறவாடு துண்டு துண்டாகப் பாகமானபோது காவு யார் பாகத்தில் வந்ததோ அவருக்கு அது சுமை. அதற்கும் பரிகாரம் உண்டு. நாகங்களை முறைப்படி ஆவாகித்து பாம்புமேக்காட்டு மனை போன்ற இடங்களுக்கு மாற்றிவிட்டால் தோஷம் இல்லை; பிறகு மரத்தை வெட்டலாம், வீடு கட்டலாம். ஆங்கிள்சியில் சோலையை வெட்ட ரோமானியச் சேனை வர வேண்டியிருந்தது. இங்கே பாகப்பிரிவினைப் பத்திரமும் ஒரு பூஜையும் போதும்.

தமிழ்நாட்டுக்காரர் இதைப் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. தில்லை மரத்தால் பெயர் பெற்றது சிதம்பரம். இன்று தில்லையைப் பார்க்கப் பிச்சாவரம் உப்பங்கழிக்குப் போக வேண்டும். தலவிருட்சத்துக்குக் கம்பிவேலி போட்டு மஞ்சள் துணி கட்டுகிறோம். அது என்ன மரம், எப்போது பூக்கும், எதற்கு மருந்து என்று கேட்டால் அர்ச்சகர் முதல் பக்தர் வரை விழிக்கிறோம்.

பயம் காவைக் காப்பாற்றியது என்பது பொதுவான விளக்கம். பாதி உண்மை. பயத்தோடு ஒரு பாடமும் இருந்தது: எந்தக் கொடி விஷமுறிவு, எந்தப் பட்டை சுரத்துக்கு, எந்த மாதத்தில் உள்ளே போகக் கூடாது. அந்தப் பாடம் அப்பனிடமிருந்து மகனுக்கு, அதுவும் இன்ன சாதியில் இன்ன வீட்டில் மட்டும். மகன் வளைகுடாவுக்கு விமானம் ஏறினால் சங்கிலி அறுந்தது. வெளியிலிருந்து ஒருவர், அதுவும் ஒரு பெண், படிக்க வருகிறேன் என்றால் சேர்த்துக்கொள்ள வழியில்லை. பயம் போன அன்று, காவை வைத்திருக்க வேறு காரணம் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அஞ்சல் வழி ட்ரூயிடுகளிடம் நாம் கற்க வேண்டியது வெள்ளை அங்கியோ ஓக் மரமோ அல்ல. மரத்தை அறிவதும் ஆன்மிகமே என்று வைத்து, அதை வரிசையான பாடமாக்கி, கேட்டு வருகிற எவருக்கும் தருகிறார்களே, அதை. அவர்களுடைய பாடத்தில் பாதி கற்பனை. நம்முடையதில் பாதி கற்பனை இல்லை, ஆனால் வகுப்பே நடக்கவில்லை. காவுப் பாட்டைப் பாடும் புள்ளுவர், அங்காடி மருந்துக்குச் சீட்டு எழுதும் முதிய வைத்தியர், கோயில்காட்டு மரங்களுக்குப் பெயர் சொல்லும் கிழவி, இவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டால்தான் உண்டு.

மகிழ மரத்துக்குத் தாவரவியல் பெயர் மிமுசோப்ஸ் எலெங்கி. 'எலெங்கி' லத்தீனும் இல்லை, கிரேக்கமும் இல்லை. மலையாளத்து இலஞ்ஞி, நம் இலஞ்சி. கொச்சியில் மூன்றரை நூற்றாண்டுக்கு முன் யாரோ வாயால் சொன்ன சொல், ஹோர்த்துஸ் வழியாக உலகத்தின் ஏடுகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சொல்லாமல் விட்ட மற்றவை எத்தனையோ, அவை எந்த ஏட்டிலும் இல்லை.