கிணறு சுவராகி நிற்கிறது

எஸ்பிஎம் எழுதி முடித்த அண்ணன் மகள், கட்டடக் கலைதான் படிப்பேன் என்கிறாள். அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. முப்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறவர். "படம் போடுறவங்க போட்டுட்டுப் போயிடுவாங்க. வெயில்ல நிக்கிறது நாமதான்" என்பார். அதில் நியாயமும் இருக்கிறது.

பஞ்சாயத்து பேச எனக்குத் தெம்பில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அழைத்துக்கொண்டு லார்கினில் 170ஆம் எண் பேருந்து ஏறினேன். தம்போய்க்காரர்கள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவோம்; அருங்காட்சியகம் பார்க்கப் போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாலத்து நெரிசலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேக்காவில், கேம்பல் லேனில் இருக்கிறது இந்திய மரபுடைமை நிலையம். 2015 மே மாதம் திறந்த நான்கு மாடிக் கட்டடம். உள்ளே போவதற்கு முன் வெளியிலேயே நின்று பாருங்கள். அந்தக் கண்ணாடி முகப்பு, வட இந்தியாவின் படிக்கிணற்றைப் பார்த்து அமைத்தது. வறண்ட ஊர்களில் நீர்மட்டம் ஏறும், இறங்கும். எந்த மாதத்திலும் தண்ணீர் மொள்ள வசதியாக அடிவரை படி கட்டினார்கள். குறுக்கும் நெடுக்குமான அந்தப் படிகளைத்தான் இங்கே நிமிர்த்திச் சுவராக்கியிருக்கிறார்கள்.

வடக்கே மட்டும்தான் இந்தச் சாமர்த்தியம் என்று நினைக்க வேண்டாம். திருச்சி பக்கம் திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்து மாற்பிடுகு பெருங்கிணறு இருக்கிறது. வயது சுமார் 1,200. நாலு பக்கமும் படித்துறை. ஒவ்வொன்றும் மடங்கி இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். கதவில்லாத குளியலறை!

அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, "இந்தக் கண்ணாடிய எப்படிக் கழுவுவாங்க?" என்றார். மகள் பதில் சொல்லவில்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள்.

உள்ளே அவரை நிறுத்தி வைத்தது செட்டிநாட்டு மரவாசல். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்தது. பொடிப் பொடியாக ஏறக்குறைய 5,000 செதுக்கல்கள். மற்றவர்கள் படம் எடுத்துவிட்டு நகர்ந்தார்கள். அண்ணன் குனிந்து மர இணைப்புகளைப் பார்த்தார். "ஆசாரி பேரு எங்கடா போட்டிருக்கு?" என்றார். நானும் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள்: "சித்தப்பா, தாத்தா இருந்த லயன் வீட்ட யாராச்சும் வரைஞ்சு வச்சிருக்காங்களா?"

யார் வரைந்தார்கள்? தோட்டம் விற்றுப்போனது, லயனை இடித்தார்கள், இன்று அங்கே வீடமைப்புப் பகுதி. என்னிடம் இருப்பது ஒரே ஒரு கல்யாணப் போட்டோ. அதில் வீட்டின் வாசல் பாதிதான் தெரியும்.

இருட்டிய பிறகு வெளியே வந்தோம். விளக்கு போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சுவரோவியம் தெரிந்தது. பகலில் அது இருப்பதே தெரியவில்லை.

திரும்பும்போது உட்லண்ட்ஸில் நீண்ட வரிசை. "எத்தன வருஷப் படிப்பு?" என்றார் அண்ணன். "பட்டப்படிப்பு மூணு வருஷம், மேல ரெண்டு வருஷம். அப்புறம் வேலை அனுபவம், ஒரு பரீட்சை."

"அவ்வளவா!" என்றவர், அவள் கையிலிருந்த நோட்டை எட்டிப் பார்த்தார். லயன் வீட்டை உத்தேசமாக வரைந்து வைத்திருந்தாள்.

"அடுப்பங்கரை இவ்வளவு பெருசு இல்ல. நடுச்சுவரும் கூரை வரைக்கும் போகாது, பக்கத்து வீட்டுப் பேச்செல்லாம் நமக்குக் கேக்கும். பென்சிலக் குடு."