சுகர் மாத்திரை என்று ஒரு மாத்திரை கிடையாது

 

நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பார்வர்டு சுற்றியது. "சுகர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும், இன்றே நிறுத்துங்கள்" என்று. கைகூப்பி நன்றி சொன்னவர்களில் பாதிப் பேர் அறிவியல் பாடம் நடத்தியவர்கள். அன்று மாலையே அதே குழுவில் ஒருவர், "மாத்திரை தீர்ந்துபோச்சு, யாரிடமாவது ரெண்டு இருக்குமா?" என்று கேட்கிறார். "வாங்க சார், நம்மகிட்ட இருக்கு" என்று நாலு பேர் பதில் போடுகிறார்கள். காலையில் விஷமாக இருந்தது மாலையில் வெற்றிலை பாக்காகிவிட்டது!

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. காரணம் என் அக்கா.

அக்காவுக்கு எழுபது வயது. பல வருடமாக மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை அவர் வீட்டில் தளிகை. அன்று பார்த்து மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனசோடு தன் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார். "இதுவும் சுகர் மாத்திரைதான்க்கா." படையல் முடியும் வரை பச்சைத் தண்ணீர்தான் என்று விரதம் இருந்த அக்கா, அதை வெறும் வயிற்றில் விழுங்கினார்.

பதினொன்றரை மணிக்கு அக்காவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. கை நடுங்கியது. சம்பந்தமில்லாமல் பேசினார். கூடியிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பெருமாள் வந்துட்டார்!" ஒருவர் கற்பூரம் காட்டினார். இன்னொருவர் மகன் கல்யாணம் எப்போது கூடும் என்று குறி கேட்டார். நானும் அங்கேதான் நின்றேன். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்திய நானும் "கோவிந்தா" போட்டேன். இதை எழுதவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண், இப்போது செவிலியர், தளிகைக்கு வந்திருந்தாள். ஓடிப்போய் மெஷின் கொண்டுவந்து விரலில் குத்திப் பார்த்தாள். 48. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவு. அக்காவால் விழுங்க முடிகிறது என்று பார்த்துக்கொண்டு சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தாள். ஏறியிருந்தது. "இதோடு விடக்கூடாது டீச்சர், இந்த மாத்திரை மறுபடியும் இறக்கும்" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஒரு ராத்திரி முழுக்க அங்கே வைத்துப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அட்டையில் இருந்தது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. இரண்டும் ஒன்றா? மெட்ஃபார்மின் முக்கியமாக ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை இறக்கிவிடுவதைக் குறைக்கிறது. அது தனியாக இருந்தால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அது கேட்காது. அதனால்தான் முதல் சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன்னால் சாப்பிடச் சொல்கிறார்கள். தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைக் கையில் எடுங்கள். விரதமோ, வாந்தியோ, சாப்பாடு இல்லாத நாளோ, மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

இதுபோக, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகள் இருக்கின்றன. வோக்லிபோஸ் என்று குடலில் வேலை செய்வது ஒன்று இருக்கிறது. அது சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். இத்தனையையும் "சுகர் மாத்திரை" என்ற ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளையும் "டேய்" என்றா கூப்பிட்டோம்?

சரி, கிட்னிக்கு வருகிறேன். மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. அது உடம்பிலிருந்து வெளியேறும் வழி கிட்னி. கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் மருந்து உடம்பில் தங்கிவிடும், அதனால் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதற்குத்தான் வருடம் ஒருமுறையாவது கிரியேட்டினின் பார்ப்பது. கடும் வயிற்றுப்போக்கு வந்தாலோ, மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கச் சொன்னாலோ, இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லலாம். கிட்னியை உண்மையில் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. பார்வர்டைப் படித்து மாத்திரையை நிறுத்தியவர்தான் கிட்னியைப் பணயம் வைக்கிறார்.

மெடிக்கல்காரர்களையும் விடுவதாக இல்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து இது. ஆனால் காலி அட்டையைக் கத்தரித்துக் கொண்டுபோனால் போதும், கொடுத்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வேறு கம்பெனி மாத்திரை, "எல்லாம் ஒண்ணுதான்." பிராண்டுப் பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று இருப்பதில் அந்த எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவு. ஒன்றுக்குப் பதில் இரண்டு போனால் இருமடங்கு. இரண்டு டாக்டரிடம் போய், இரண்டு பிராண்டுப் பெயரில் ஒரே மருந்தைச் சாப்பிட்டவர் நம் குழுவிலேயே இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று நிமிடத்தில் சீட்டை நீட்டுகிறீர்கள். "சாப்பிடாமல் இதைப் போடாதே" என்று சொல்ல அதில் பத்து விநாடி ஆகுமா?

"டீச்சர், பயமுறுத்துறீங்க, பேசாம நிறுத்திடலாம் போல" என்று கமெண்டில் யாராவது எழுதுவீர்கள். நிறுத்தச் சொல்லவில்லை. என் மெட்ஃபார்மினை இன்று காலையும் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொண்டேன். அதில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கிறது, மெதுவாகக் கரைவது. பெரிதாக இருக்கிறதே என்று நசுக்கக்கூடாது, மெல்லக்கூடாது. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரண்டாகவும் போடக்கூடாது.

அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் அவரவர் மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒவ்வொருவரும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். பூதக்கண்ணாடி நான் கொண்டுவருகிறேன்.