திரை சாகவில்லை

கொற்கையில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் சின்னம் வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. பழுதுபார்க்கக் கொண்டுபோன இடத்தில், "மானிட்டர் போயிட்டு, புதுசுதான் வாங்கணும்" என்றார்களாம். கேட்டதும் கோபம்தான் வந்தது. சின்னத்தைக் காட்டிய திரை எப்படிச் செத்திருக்கும்? பவர் போட்டதும் எதுவுமே தெரியாவிட்டால்தான் முதலில் கேபிளையும் மானிட்டரையும் சந்தேகிக்க வேண்டும். சின்னம் வந்த பிறகு இருண்டால், சேஃப் மோடில் திறந்து பார்க்க வேண்டும். விண்டோஸ் எழும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் மீட்புத் திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் மறுபடி தொடங்கி, 4-ஐ அழுத்த வேண்டும். சேஃப் மோடில் கிராபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் ஓடாது, விண்டோஸின் அடிப்படை டிரைவர்தான் ஓடும். எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். படம் நிலையாக நின்றால் மானிட்டர் நல்லாயிருக்கிறது. பழுது பெரும்பாலும் டிரைவரில். அதை நீக்கிவிட்டுச் சரியானதைப் போட்டால் பல நேரம் போதும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதினார்கள். அன்றும் பல கணினிகளைச் சேஃப் மோடில் திறந்து, ஒரே ஒரு கோப்பை அழித்துத்தான் மீட்டார்கள். புது மானிட்டருக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் முன், "என் கண் முன்னால சேஃப் மோடுல போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள்.