சுங்கச் சுவரும் கூலிக்காரர்களும்

நெருக்கடி வந்தால் ஆளும் வர்க்கம் முதலில் கையில் எடுப்பது தேசபக்தியை. 'வெளிநாட்டுச் சரக்குதான் உன் வேலையப் புடுங்குது, வரி போட்டுத் தடுத்தா எல்லாம் சரியாயிடும்' என்பார்கள். இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1930இன் அமெரிக்கா சாட்சி.

1929 அக்டோபரில் அங்கே பங்குச் சந்தை சரிந்தது. விவசாயியைக் காப்பாற்றுவதாகச் சொல்லித் தொடங்கிய ஸ்மூட் - ஹாலி சுங்கச் சட்டத்தில், முதலாளிகள் ஆளாளுக்குத் தங்கள் சரக்கையும் நுழைத்துக்கொண்டார்கள். சட்டம் வேண்டாம் என்று 1,028 பொருளாதார அறிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். எடுபடவில்லை. 1930 ஜூன் 17 அன்று குடியரசுத் தலைவர் ஹூவர் கையெழுத்திட்டார்.

அடுத்தவன் சும்மா இருப்பானா? முட்டைக் கதை ஒன்று போதும். டஜனுக்கு 8 சென்ட்டாக இருந்த வரியை அமெரிக்கா 10 ஆக்கியது. கனடா தன் பக்கத்து 3 சென்ட்டை 10 ஆக்கியது. 1929இல் கனடாவுக்குப் போன அமெரிக்க முட்டை 9 லட்சம் டஜனுக்கு மேல். 1932இல் 8 ஆயிரம் டஜன்கூட இல்லை. யார் பேரைச் சொல்லிச் சட்டம் வந்ததோ, அந்த விவசாயி தலையிலேயே விடிந்தது. சுதந்திர வணிகம் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த பிரிட்டனும் 1932இல் 10 சதவீதப் பொது வரி போட்டது. 1929க்கும் 1933க்கும் இடையில் உலக வணிகத்தின் மதிப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

பழி முழுவதையும் வரிமேல் போட நான் தயாரில்லை. வங்கிகள் கவிழ்ந்தன, விலைகள் சரிந்தன, வாங்க ஆளில்லை. சுவர்கள் அந்த நோயை முற்றவைத்தன. அவன் சரக்கை நான் வாங்காவிட்டால் என் சரக்கை வாங்க அவனிடம் ஏது காசு? என் வீட்டு வேலையின்மையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டால் அது சுற்றிக்கொண்டு என் வாசலுக்கே வரும்.

அப்படியானால் கதவை அகலத் திறந்துவிடலாமா? அதுவும் அவர்கள் ஓதும் மந்திரம்தான். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி உயர்ந்த வரிச் சுவருக்குள் வளர்ந்த அதே அமெரிக்காதான் பிறகு ஏழை நாடுகளிடம் வரியைக் குறை என்றது. முளைக்கிற தொழிலுக்கு வேலி கட்டுவது வேறு. நெருக்கடியில் முதலாளியின் லாபத்துக்குக் காவல் போட்டு, அதற்குத் தேசம் என்று பேர் வைப்பது வேறு.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மீது 50 சதவீத வரி போட்டது. திருப்பூர்ப் பனியனும் ஆம்பூர்த் தோல் பொருள்களும் அதில் மாட்டின. தோல் தொழிலில் உழைப்பவர்கள் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலாளிக்குக் கடன் சலுகை கேட்டு டெல்லிக்குப் போகச் சங்கம் இருக்கு. ஆர்டர் நின்ன அன்னிக்கே கூலி நின்னுபோற பீஸ் ரேட் ஆளுக்கு யாரு இருக்கா?

தோழர்களே, வரி போடும்போதும் எடுக்கும்போதும் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்போம். லாபம் யாருக்கு? வேலை இல்லாத நாளுக்குக் கூலி யார் தருவது? இதற்குப் பதில் சொல்லாதவன் சுவரைக் கட்டினாலும் இடித்தாலும், அதன் அடியில் நசுங்குவது நம் ஆட்கள்தான்.