கத்துக்கிட்டது போதும், காசு கொடுங்க

“தொழில் கத்துக்க வந்திருக்க. நியாயமா பார்த்தா நான்தான் உன்கிட்ட ஃபீஸ் வாங்கணும்.” 2023-ல் தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸ் சீனியர் என் சித்தி மகளிடம் சொன்னது இது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். அதற்கு முன்னால் “வீடு எங்கம்மா?” என்று கேட்டிருக்கிறார். “எம்.கே.பி. நகர் சார்.” “வியாசர்பாடியா? அப்போ பெயில் கேஸுக்குப் பஞ்சமே இருக்காதே!” அதற்கும் சிரிப்பு. இவளும் சிரித்து வைத்தாள். ஜூனியராகச் சேர இடம் கிடைத்துவிட்டதே. நான் கீழே பைக்கில் காத்திருந்தேன். இறங்கி வந்து “கிடைச்சிருச்சுண்ணா” என்றாள். எவ்வளவு என்று நான் கேட்டேன். அவள் கேட்டிருக்கவில்லை.

காலையில் ஒன்பதரைக்குப் போய்க் கேஸ் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். சீனியர் வேறு கோர்ட்டில் நிற்கும்போது இங்கே எழுந்து பாஸ் ஓவர் கேட்க வேண்டும். வாய்தா வாங்க வேண்டும். பைலிங்கில் திருப்பிப் போட்ட மனுவைச் சரிசெய்து மறுபடி நம்பராக்க வேண்டும். ராத்திரி எட்டரை வரை டிராஃப்ட் அடிக்க வேண்டும். பதினோரு மாதத்தில் கைக்கு வந்தது, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் இரண்டாயிரம் ரூபாயும். அவளுக்கு மாதம் தவறாமல் ஸ்டைபண்டு கொடுத்த ஒரே நிறுவனம் மாநகரப் போக்குவரத்துக் கழகம்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே, அதைச் சொல்கிறேன்.

நான் எஞ்சினியரிங் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாலு மாதம் கம்பெனிக்கு என்னால் ஒரு பைசா பிரயோஜனமில்லை. ஏசி ரூமில் உட்காரவைத்து ஜாவா சொல்லிக்கொடுத்தார்கள், நான் பாதி தூங்கினேன். ஆனாலும் சம்பளம் வந்தது. எங்கள் தெருவிலிருந்து ஐடிஐ முடித்துத் தொழிற்சாலைக்கு அப்ரண்டிஸாகப் போகிற பையனுக்கு 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகை உண்டு. ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள்ஷிப் செய்பவர்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தர வேண்டும் என்று அவர்களுடைய இன்ஸ்டிட்யூட்டே விதி வைத்திருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கும் உண்டு. கற்றுக்கொள்கிறவனுக்கும் வயிறு இருக்கிறது என்பதை மற்ற தொழில்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. குறைந்தபட்சக் கூலி வழக்குகளைப் பக்கம் பக்கமாக வாதாடுகிற தொழில்தான் இன்னும் குருதட்சிணை காலத்தில் இருக்கிறது.

கோர்ட்டுக்கு இது தெரியாமல் இல்லை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, ஜூனியர்களிடம் காசு கொடுக்காமல் வேலை வாங்குவது சுரண்டல் என்றே சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சமாகத் தர வேண்டும், அதற்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள் என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அந்த வாரம் அவளுடைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் யாரோ இந்தச் செய்தியைப் பகிர்ந்திருக்கிறார்கள். சீனியர் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார். விஷயம் அதோடு முடிந்தது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 என்று சுற்றறிக்கை விட்டது. அது வெறும் பரிந்துரை. கட்டாயம் என்ற சொல்லை எழுதவே அவர்களுக்குக் கை கூசியிருக்கிறது.

இதே பார் கவுன்சில்கள் வசூலிக்கும்போது கூசியதில்லை. வழக்கறிஞர் சட்டப்படி என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். ஒடிசாவில் 42,100 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அதுவரை வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அதில் இருக்கிறது. சித்தியின் கம்மல் அதற்கு ஒரு வருடம் முன்பே அடகுக் கடைக்குப் போய்விட்டது.

தூரம் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது. சட்டக் கல்லூரி ஹைகோர்ட்டை ஒட்டி இருந்தவரை, வடசென்னைப் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் தெருவைத் தாண்டிப் போய் எந்த சேம்பரிலாவது ஒட்டிக்கொள்ள முடிந்தது. முகம் பழகும். படிப்பு முடிகிறபோது இடம் தயாராக இருக்கும். 2018-ல் கல்லூரியைப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரித்துக் கொண்டுபோனார்கள். பஸ்ஸில் அரை மணியில் ஹைகோர்ட் போய்ச் சேரக்கூடிய இவள், வியாசர்பாடி ஜீவாவில் ரயில் பிடித்துத் திருவள்ளூர் போய், அங்கிருந்து பஸ் ஏறிப் படித்தாள். படிப்பு முடிந்தபோது தம்புச் செட்டித் தெருவில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஜெராக்ஸ் கடைக்காரர்.

இதுவரை கஷ்டம் என்று சொல்லி விட்டுவிடலாம். 2025 மே 20-க்குப் பிறகு அப்படி விட முடியாது. அன்று உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று மறுபடி கட்டாயமாக்கியது. நேற்று கல்லூரி முடித்தவர் இன்று நீதிபதியானால் கோர்ட் தாங்காது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது, நானே ஒப்புக்கொள்வேன். புது ஆள் எழுதிய கோடை நேராக புரொடக்‌ஷனுக்கு யார் அனுப்புவார்கள்? ஆனால் அந்த மூன்று வருடத்துக்குச் சோறு யார் போடுவது? அனுபவச் சான்று தர வேண்டியவரோ பத்து வருட அனுபவமுள்ள ஒரு வழக்கறிஞர். காசு கொடுக்காத கைதான் கையெழுத்தும் போட வேண்டும். அந்தக் கையிடம் இருபதாயிரம் எங்கே என்று எந்த ஜூனியர் கேட்பாள்? அப்பா வக்கீலாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வருடம் ஒரு காத்திருப்பு. எம்.கே.பி. நகரில் அது மூன்று வருட வாடகை. நாளைக்கு பெஞ்சில் யார் உட்காருவார்கள் என்பதை இந்த வாடகை தீர்மானிக்கப்போகிறது.

உடனே ஒரு பதில் வரும்: “சீனியருக்கே வருமானம் இல்லப்பா, எங்கேர்ந்து இருபதாயிரம் கொடுப்பாரு?” உண்மைதான். ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் ஒரு மேசையும் ஒரு குமாஸ்தாவுமாக ஓட்டுகிற முதல் தலைமுறை வக்கீலோடு எனக்குச் சண்டை இல்லை. அவருடைய ஜூனியருக்கு அரசாங்கம் கொடுக்கட்டும். ஆந்திராவில் 2019-லேயே மாதம் 5,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். என் சண்டை, கம்பெனிகளுக்கும் வங்கிகளுக்கும் பொதுத்துறைக்கும் வாதாடிவிட்டு ஏழை வக்கீலின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பெரிய ஆபீஸ்களோடு.

அவர்களை வழிக்குக் கொண்டுவரப் புதுச் சட்டம்கூட வேண்டாம். துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, வங்கிகள் எல்லாம் வக்கீல்களுக்குப் பணம் கொடுக்கும் இடங்கள். 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் என்ன சொன்னது? காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை முதலாளி தர வேண்டும் என்றது. அந்தத் தர்க்கத்தை இங்கேயும் கொண்டுவரலாம். ஜூனியர்களின் வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் போட்ட ஆதாரம் காட்டாத அலுவலகத்துக்கு எங்கள் கேஸ் கட்டு கிடையாது என்று ஒரு வரி போதும். அரசு வழக்கறிஞர் நியமனத்துக்கும் அந்த ஒரு வரியைச் சேர்க்கலாம்.

அடுத்த வாரம் அவளுக்கு வேறொரு ஆபீஸில் இன்டர்வியூ. ஸ்டைபண்டு எவ்வளவு என்று இந்த முறை கேட்டுவிடப் போகிறேன் என்கிறாள். “கேக்காதடி, அதுவும் போயிடும்” என்கிறாள் சித்தி. நான் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கென்ன, என் சம்பளம் மாசக் கடைசியில் வந்துவிடுகிறது.